கிளி அட்டை போட்ட சரித்திரப் புத்தகம்

அயர்லாந்து சரித்திரத்தில் கிளிக்கு என்ன வேலை என்று கேட்காத பழைய புத்தகக் கடைக்காரர் மேற்குக் கரையில் ஒருவர்கூட மிச்சமில்லை. கொரெட்டி எல்லாரையும் பார்த்துவிட்டாள். காஸில்பாரில் ஒருத்தர், ஸ்லைகோவில் அண்ணன் தம்பி இரண்டு பேர், கால்வேயில் கூரை வரை புத்தகத்தை அடுக்கிவிட்டு நடுவில் மேல்கோட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு கிழவர். எல்லாரிடமும் அவள் சொன்னது ஒன்றுதான். சின்னப் பிள்ளைகளுக்கான சரித்திரப் புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம். அட்டை மஞ்சள், அட்டை முழுக்கப் பச்சைக் கிளி. புத்தகத்தின் பெயர் தெரியாது, எழுதினவர் யார் என்றும் தெரியாது.

கால்வே கிழவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். "வைக்கிங்குக கப்பல்ல வந்தது தெரியும், கிராம்வெல் படையோட வந்தது தெரியும். இந்தக் கிளி எந்த வருஷம்மா வந்து இறங்குச்சு?" என்றார். கடையில் நின்ற இன்னொரு ஆள் சிரித்தான். கொரெட்டிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் அழுகைதான் மிஞ்சியது. ஐம்பத்தைந்து வயதுப் பொம்பளை, மூன்று பிள்ளை பெற்றவள், ஸ்வின்ஃபோர்டில் பாதிப் பேருக்கு முடி வெட்டிவிட்டவள், ஒரு படப் புத்தகத்துக்காக மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அந்தப் புத்தகத்தில் நன்றாக நினைவிருந்தது ஒரே ஒரு படம். வட்டக் கோபுரம். கீழே வைக்கிங்குகள் கோடாரியோடு ஓடி வருகிறார்கள். மடத்துத் துறவிகள் கயிற்றேணியைப் பிடித்து மேலே ஏறுகிறார்கள். கடைசித் துறவியின் ஒற்றைச் செருப்பு காலிலிருந்து கழன்று நடுவானில் விழுந்துகொண்டிருக்கிறது. அவள் யாரோ ஒருத்தியின் மடியில் இருக்கிறாள். முதுகுக்குச் சூடாக இருக்கிறது. ஒரு விரல் அந்தச் செருப்பைத் தொட்டுக் காட்டுகிறது. "ஐயோ பாவம், கால் சில்லிட்டுப் போகுமே இவனுக்கு" என்று தலைக்கு மேலே ஒரு குரல் கேட்கிறது.

மடி என்றால் அம்மாவின் மடிதான். வேறு யார் மடி? அந்த வீட்டில் இருந்ததே மூன்று பேர்.

இந்த இடத்தில் அம்மா டீலியாவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். டீலியா காஃபர்கி கெட்டவள் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு, மழைக்கு நல்ல கோட்டு, காய்ச்சலுக்கு டாக்டர் எல்லாம் தவறாமல் நடந்தது. ஆனால் மகளை ஒரு தடவை இழுத்து அணைத்தாளா, நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தாளா என்றால், கிடையாது. கல்யாணத்தன்று சர்ச் வாசலில் வைத்து, "காலர் மடங்கியிருக்கு" என்று சொல்லிச் சரிபண்ணிவிட்டதோடு சரி. பிப்ரவரியில் ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சு விடும்போதும் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆக, தன்மேல் அம்மாவுக்கு ஆசை இருந்தது என்பதற்குக் கொரெட்டியிடம் இருந்த ஒரே சாட்சி அந்த மடியும் அந்தச் செருப்பும்தான். அடக்கம் முடிந்து வீட்டை ஒழித்தபோது சணல் கயிற்றுத் துண்டுகள் அகப்பட்டன, ஜாம் டப்பாவில் அளவுவாரியாகப் பிரித்த ஆணிகள் அகப்பட்டன, புத்தகம் மட்டும் அகப்படவில்லை. அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், அம்மா ஒரு காலத்தில் நம்மை மடியில் வைத்திருந்தாள் என்று நம்பிக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடலாம் என்று அவள் நினைத்தாள். அவ்வளவுதான் அவளுடைய ஆசை. பெரிய ஆசை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

புருஷன் மலாக்கி கிளியைப் பற்றி எத்தனை கேலி வேண்டுமானாலும் பண்ணுவான். "உங்கம்மா கிளி வளத்தாங்களா, இல்ல கிளி உங்கம்மாவை வளத்துச்சா?" என்பான். ஆனால் மடிப் பேச்சை எடுத்தால் போதும், அவனுக்குக் கன்றுக்குட்டியைப் பார்க்கப் போக வேண்டியிருக்கும். இந்த ஊர் ஆம்பளைகளுக்கு மனசைப் பற்றிப் பேசினாலே தொழுவத்தில் வேலை வந்துவிடும் என்று அவள் விட்டுவிட்டாள்.

கடைசியில் உள்ளூர் ரேடியோவுக்குப் போன் போட்டாள். காலையில் மரண அறிவிப்புகள் முடிந்ததும் ஃபெர்கல் என்ற ஒருத்தன் பேசுவான். காணாமல் போன நாய், விற்பனைக்கு உருளைக்கிழங்கு, யாருக்காவது தொட்டில் வேண்டுமா என்று எல்லாம் அதில்தான் நடக்கும். கொரெட்டி கோபுரத்தைச் சொன்னாள், செருப்பைச் சொன்னாள், கிளியையும் சொன்னாள். ஃபெர்கல் சிரிக்க ஆரம்பித்தான்.

"கொரெட்டிம்மா, அது புத்தகத்தோட அட்டையே இல்லை. யாரோ வால்பேப்பர்ல அட்டை போட்டிருக்காங்க."

அவள் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. இந்த நாட்டில் எந்த வீட்டில்தான் அப்படி அட்டை போடவில்லை? செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறந்தால் சுவருக்கு ஒட்டி மிச்சமான வால்பேப்பர் சுருளை எடுத்து, சாப்பாட்டு மேஜையில் விரித்து, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அளந்து வெட்டி மடிப்பார்கள். கொரெட்டியே மூன்று பிள்ளைகளுக்கும் போட்டிருக்கிறாள். பெரியவனின் கணக்குப் புத்தகம் மூன்று வருஷம் சமையலறைச் சுவர் மாதிரியே இருந்தது. இருந்தும் அந்தக் கிளி மட்டும் அவளுக்குப் புத்தகத்தோடு பிறந்த தோலாகவே மனசில் பதிந்திருந்தது.

போனை வைத்த பிறகுதான் இன்னொன்று தோன்றியது. அவள் வளர்ந்த வீட்டில் வால்பேப்பரே கிடையாது. டீலியா சுவருக்குச் சுண்ணாம்பு தவிர வேறெதுவும் பூசினவள் இல்லை. சாப்பிட வந்த மலாக்கியிடம் இதைச் சொன்னாள். அவன் கரண்டியைக் கீழே வைத்தான். யாராவது துண்டு கொடுத்திருப்பார்கள் என்றான். பிறகு உருளைக்கிழங்கைத் தொடவே இல்லை.

மத்தியானம் போன் வந்தது.

"நான் டிம்னா டோவி பேசுறேன்" என்றது ஒரு பெண் குரல். "ரேடியோல கேட்டேன்." அப்புறம் பேச்சில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று கொரெட்டி ஹலோ ஹலோ என்றாள். "புத்தகம் இங்கதான் இருக்கு. கிளியும் இருக்கு. ஞாயித்துக்கிழமை வர்றியா?"

டோவி என்றால் கொரெட்டிக்குத் தெரியும். பாலஹடரீன் பக்கம். வின்னி டோவி அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. போக்குவரத்து கிடையாது. வின்னி இறந்தபோது மட்டும் டீலியா, தன் கால் முடியவில்லை, நீ போய்த் தலையைக் காட்டிவிட்டு வா என்று மகளை அனுப்பினாள். "போகணும், கட்டாயம் போகணும்" என்று இரண்டு தடவை சொன்னது நினைவிருந்தது. பதினோரு வருஷத்துக்கு முந்தின கதை. சர்ச்சும் கல்லறையும் தவிர கொரெட்டி அங்கே வேறெதையும் பார்க்கவில்லை. அப்படியானால் அம்மா எப்போதோ புத்தகத்தை அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறாள். டிம்னாவின் குரலும் எங்கோ கேட்ட மாதிரிதான் இருந்தது. அடக்கத்தில் கேட்டிருப்போம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கிளம்பினார்கள். வழக்கமாக முன்னால் போகும் டிராக்டரையெல்லாம் திட்டிக்கொண்டே ஓட்டுகிற மலாக்கி அன்று வாயைத் திறக்கவில்லை. சந்து வளைவில் வழியைக் கேட்காமல் திரும்பினான். அதைக்கூட அவள் கவனிக்கவில்லை. வாசலில் வண்டியை நிறுத்தினதும், ரேடியோவில் மேட்ச் கேட்க வேண்டும், நான் இங்கேயே இருக்கிறேன் என்றான்.

"நம்ம மாயோ டீம் தோக்கிறதை உள்ள வந்து கேட்டா காது கேக்காதா?" என்றாள் அவள்.

அவன் சிரிக்கவில்லை. "நீ போ, கொரெட்டி. போய்ப் பேசிட்டு வா" என்றான்.

கதவைத் திறந்த டிம்னாவுக்கு அறுபதைத் தாண்டின வயது. தலையை அன்றுதான் சுருட்டிவிட்டிருந்தாள். அது கொரெட்டியின் தொழில் கண்ணுக்கு உடனே பட்டது. கொரெட்டி நீட்டின கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு விடுவாள் என்று பார்த்தால், விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வந்துட்டியே" என்றாள். "வந்துட்டியேடி." கண் கலங்கியிருந்தது.

சமையலறை மேஜையில் பதினைந்து பேருக்குத் தாங்கும் சாப்பாடு. பன்றித் தொடைக் கறி, முட்டை, பீட்ரூட், இரண்டு கேக், விருந்துக்கு மட்டும் எடுக்கிற தங்க விளிம்புக் கோப்பைகள். ஒரு பழைய புத்தகத்தை வாங்கிக்கொண்டு போக வந்தவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கொரெட்டிக்குக் கூச்சமாக இருந்தது. தனியாக இருக்கிற மனுஷி, ஆள் வந்தால் இப்படித்தான் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். தேநீருக்கு முன்னால் புத்தகத்தைப் பார்த்துவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

மாடிக்குக் கூட்டிப்போனாள் டிம்னா. முன்னால் அவள், பின்னால் கொரெட்டி. நடை இருட்டாக இருந்தது. கடைசி அறைக் கதவைத் தள்ளிவிட்டு டிம்னா ஒதுங்கி நின்றாள். கொரெட்டி காலை எடுத்து உள்ளே வைத்தாள். அறைத்தரை நடையைவிட ஒரு சாண் தாழ்ந்து இருந்தது. அவள் தடுக்கி விழுந்திருக்க வேண்டும். ஆனால் அவள் கால் தானாகவே பள்ளத்துக்கு இறங்கி, தரையைத் தேடாமல் மிதித்து நின்றது.

"எல்லாரும் விழுவாங்க இங்க" என்றாள் டிம்னா மெதுவாக. "வீட்டாளுங்க மட்டும் விழ மாட்டோம்."

ஜன்னல் இடது பக்கம் இருக்கும் என்று கொரெட்டிக்குத் தெரிந்திருந்தது. இருந்தது. டிம்னா அலமாரியைத் தோளால் முட்டி நகர்த்தினாள். பின்னால் ஒரு ஆள் அகலத்துக்கு மஞ்சள் சுவர். சுவர் நிறையப் பச்சைக் கிளிகள்.

"மத்த சுவரெல்லாம் மூணு தடவை மாத்தியாச்சு. இதை மட்டும் அம்மா உரிக்க விடலை" என்றாள் டிம்னா.

கட்டில்மேல் புத்தகம் இருந்தது. சின்னதாகத்தான் இருந்தது. கொரெட்டி அதை எடுத்து மடியில் வைத்துத் திறந்தாள். கை பழகின கையாகப் பக்கத்தைத் தள்ளிக்கொண்டு போனது. கோபுரம் வந்தது. கோடாரிகள் வந்தன. செருப்பு நடுவானில் அப்படியே நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த டிம்னா குனிந்து விரலை வைத்தாள்.

"ஐயோ பாவம், கால் சில்லிட்டுப் போகுமே இவனுக்கு" என்றாள்.

கொரெட்டி நிமிர்ந்து பார்த்தாள். அதே குரல். ஐம்பது வருஷமாகத் தலைக்குள் வைத்திருந்த அந்தக் குரல், இழுப்புகூட மாறாமல், டிம்னாவின் வாயிலிருந்து வந்தது. போனில் கேட்டபோது எங்கோ கேட்ட குரல் என்று தோன்றியது இதுதான்.

"நீங்களா? நீங்களா எனக்குப் படிச்சுக் காட்டினீங்க?"

"நானா? நான் பதினோரு வயசுக் குரங்கு, எனக்கு எங்க பொறுமை? புத்தகம்தான் என்னோடது. படிச்சது அம்மா. எனக்கு அம்மா குரல். போன் எடுத்தா ஊரே ஏமாந்து போகும்."

"எந்த அம்மா?"

டிம்னா இதற்குச் சிரித்தாள். கொரெட்டி கேலி பண்ணுகிறாள் என்று நினைத்துவிட்டாள். "எந்த அம்மாவா? நம்ம அம்மாதான். வேற யாரு?"

சொல்லிவிட்டு அவள் கொரெட்டியின் முகத்தைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுடைய சிரிப்பு போய்விட்டது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அப்படியே ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அகலமான நெற்றி, மூக்கு நுனியில் சின்னதாக ஒரு பிளவு. இரண்டு முகத்திலும் அதேதான். கொரெட்டி தினமும் தன் முடிவெட்டுக் கடையின் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சலித்த மூக்கு.

"உனக்குத் தெரியாதா?" என்றாள் டிம்னா. "மாதாவே, உனக்குத் தெரியாதா?"

தெரியாது என்று கொரெட்டி தலையை ஆட்டினாள்.

அதற்குப் பிறகு டிம்னா சொன்னது முன்னும் பின்னுமாகத்தான் வந்தது. நான் நேராக்கிச் சொல்கிறேன். அப்பா கட்டட வேலைக்கு இங்கிலாந்து போனவர், சவப்பெட்டியில் திரும்பி வந்தார். வீட்டில் ஆறு பிள்ளைகள். கடைசியில் பிறந்தது கொரெட்டி, அப்போது மூன்றரை வயது. வின்னி மார்புச்சளி கண்டு படுத்தாள். பிள்ளையில்லாத ஒன்றுவிட்ட அக்கா டீலியா புருஷனோடு வந்து, சின்னதைக் கொஞ்ச நாளைக்கு நாங்கள் வைத்துக்கொள்கிறோம் என்று தூக்கிப்போனாள். இந்தப் பக்கத்தில் அது அப்போது புதிதில்லை. சொந்தத்துக்குள் பிள்ளை போகும், வரும்.

"அம்மா எந்திரிச்சு நடமாட ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனதும் வாடகைக் கார் பிடிச்சு உன்னைக் கூட்டிட்டு வரப் போனோம். நானும் போனேன்" என்றாள் டிம்னா.

"அப்புறம்?"

"டீலியா பெரியம்மா வாசல்ல நின்னாங்க. பூசைக்குப் போற கோட்டு போட்டிருந்தாங்க. அம்மா வாயைத் திறக்கலை இன்னும். அதுக்குள்ள அவங்க முற்றத்துச் சேத்துல முழங்கால் போட்டுட்டாங்க. டிரைவர் பாக்கிறான், நான் பாக்கிறேன், பால் எடுக்க வந்தவன் பாக்கிறான். அவங்க கவலைப்படலை. 'என்ன வேணா கேளு வின்னி, நிலத்தை எழுதித் தர்றேன், இவளை மட்டும் கேக்காதே'ன்னு அம்மா பாவாடையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. நான் பெரியவங்க அப்படி அழுது அதுக்கு முன்னாடி பாத்ததில்லை."

கொரெட்டி புத்தகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். டீலியாவா? உருளைக்கிழங்கு பொறுக்கும்போதுகூட இடுப்பை வளைக்காமல் வாளியை உயரத்தில் வைத்துக்கொள்கிற டீலியாவா? பூசையில் முழங்கால் போட வேண்டிய இடத்தில்கூடப் பாதிதான் மடங்குகிற டீலியாவா?

"நான்? நான் என்ன பண்ணினேன்?"

டிம்னா சொல்வதா வேண்டாமா என்று யோசித்தாள். பிறகு சொன்னாள். "நீ அவங்களுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிட்ட. எங்களைப் பாத்துப் பயந்து. அம்மா அதைப் பாத்தாங்க. ஒண்ணும் பேசாம கார்ல வந்து ஏறிட்டாங்க. வீடு வந்து சேர்ற வரைக்கும் பேசலை."

அப்புறம் யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை. போகக் கூடாது என்று ஒருத்தரும் சொல்லவில்லை, போகவில்லை, அவ்வளவுதான். ஆனால் கொரெட்டிக்கு விஷயம் தெரியும் என்று டோவி வீட்டில் ஒருத்தருக்கும் சந்தேகமே இல்லை. பள்ளிக்கூடத்தில் ஏதாவது பிள்ளை சொல்லியிருக்கும், இல்லையென்றால் டீலியா சொல்லியிருப்பாள். பள்ளிக்கூடத்திலோ, வீட்டில் சொல்லியிருப்பார்கள், நாம் எதற்கு என்று எல்லாரும் இருந்திருக்கிறார்கள். எனக்கு என் ஜனங்கள்மேல் வருகிற ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. பக்கத்து வீட்டான் மாட்டை என்ன விலைக்கு விற்றான், பாதிரியார் எத்தனை மணிக்கு எழுந்தார் என்று எல்லாம் விசாரிப்பார்கள். ஒருத்தி யார் பிள்ளை என்று அவளிடம் சொல்ல மட்டும் ஒரு ஊர் முழுக்க மரியாதை பார்க்கும்.

"அப்படின்னா அடக்கத்தன்னைக்கு" என்று ஆரம்பித்த கொரெட்டி நிறுத்திக்கொண்டாள்.

"முன் பெஞ்சில எனக்குப் பக்கத்துல உனக்கு இடம் விட்டிருந்தோம்" என்றாள் டிம்னா. "என் கோட்டை அதுல போட்டு வச்சிருந்தேன், வேற யாரும் உக்காந்துடக் கூடாதுன்னு. நீ உள்ள வந்தே. எங்களைப் பாத்தே. போய்ப் பின்னாடி உக்காந்துட்டே. அப்புறம் ஊர்க்காரங்களோட வரிசையில வந்து எங்க ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சு, 'உங்க இழப்புக்கு வருத்தப்படுறேன்'னு சொல்லிட்டுப் போனே. என்கிட்ட பூசை நல்லா இருந்துச்சுன்னு வேற சொன்னே."

கொரெட்டிக்கு நினைவிருந்தது. நன்றாக நினைவிருந்தது. மழை பெய்ததால் சீக்கிரம் கிளம்பினாள். போகிற வழியில் நிறுத்திக் காய்கறி வாங்கினாள். சவப்பெட்டியைத் திறந்து வைத்திருந்த வீட்டுக்குக்கூடப் போகவில்லை, அவ்வளவு தூரத்துச் சொந்தம்தானே என்று. வின்னியின் முகத்தைப் பார்க்கவே இல்லை. இப்போது அந்த முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றாள், ஒன்றும் வரவில்லை.

"ஜார்லத் அண்ணனுக்குத்தான் ரொம்ப வலிச்சது" என்றாள் டிம்னா. "பெரியவரு. லீட்ஸ்ல இருக்காரு. அன்னையிலிருந்து உன் பேரை எடுக்க விட மாட்டாரு. நேத்து உன் ரேடியோ சேதியைச் சொன்னேன். நீ எங்களைத்தான் கூப்பிடுறே, நேரா கேக்கக் கூச்சப்பட்டுப் புத்தகத்தைச் சாக்கு வச்சுக் கேக்கிறேன்னு நான் நினைச்சேன். அவரு, அவ ஒரு புத்தகம் தேடுறா, உன்னைத் தேடலைன்னு போனை வச்சுட்டாரு."

அண்ணன் சொன்னதுதான் உண்மை என்பது இரண்டு பேருக்கும் உறைத்தது.

கீழே இறங்கி வந்தபோது சமையலறை வாசலில் மலாக்கி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மேட்ச் முடிந்திருந்தது. கொரெட்டியின் முகத்தைப் பார்த்தான். பிறகு டிம்னாவைப் பார்த்து, ஏற்கெனவே தெரிந்த ஆளைப் பார்க்கிற மாதிரித் தலையை அசைத்தான். அதில் கொரெட்டிக்கு விளங்கிவிட்டது. வழி கேட்காமல் வண்டி திரும்பினதும் இப்போதுதான் உறைத்தது.

"உனக்குத் தெரியும்" என்றாள்.

மலாக்கி மறைக்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் பாதிரியார் கூப்பிட்டுச் சொன்னாராம். ஞானஸ்நானப் பேப்பரில் டோவி என்று இருந்ததாம். அதனால்தான் அத்தனை வருஷமும் பாஸ்போர்ட், காப்பீடு என்று எந்தப் பேப்பர் வந்தாலும் அவனே எழுதி, கையெழுத்து போடுகிற இடத்தை மட்டும் அவளுக்குக் காட்டினான். இவளுக்குப் பேப்பர் வேலை என்றாலே எரிச்சல், நல்ல புருஷன் கிடைத்தான் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்திருக்கிறாள்.

"உனக்குத் தெரியும்னுதான் நானும் நினைச்சேன்" என்றான் அவன். "நீ பேசலை. வலிக்கிற இடத்தை நாம ஏன் தொடணும்னு இருந்துட்டேன். அப்புறம் இந்தக் கிளியைத் தேட ஆரம்பிச்சே பாரு, அப்பதான் வயித்துல புளியைக் கரைச்சுது. ஒருவேளை இவளுக்குத் தெரியவே தெரியாதோன்னு. அப்ப எப்படிச் சொல்றது கொரெட்டி? முப்பத்தியொரு வருஷம் கழிச்சு எந்த வாயால சொல்றது?"

"வலிக்கிற இடமா? எனக்கு அப்படி ஒரு இடம் இருக்கிறதே தெரியாதே மலாக்கி."

அவன் தொப்பியைத் திருகிக்கொண்டே நின்றான். அவளுக்கு அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அம்மா தன்னை மடியில் வைத்திருந்தாளா என்று கேட்டுக்கொண்டு வந்தவள் அவள். மடியில் வைத்திருந்தவளை ஊரோடு நின்று வழியனுப்பிவிட்டு வந்திருக்கிறாள். மடியில் வைக்காதவள் சேற்றில் மண்டியிட்டிருக்கிறாள். அந்தச் சேற்றைப் பற்றித் தெரிந்திருந்தால் பிப்ரவரியில் போர்வைக்குள் கையை விட்டு அந்தக் கையைத் தேடிப் பிடித்திருப்பாள். யாரை நினைத்து அழுவது என்றே அவளுக்குப் புரியவில்லை.

டிம்னா சுவரோரம் போய்ப் போனை எடுத்தாள். எண்களை அழுத்தும்போது இரண்டு தடவை தப்பாகி மறுபடி அழுத்தினாள்.

"ஜார்லத், நான்தான். இல்லை, நீ முதல்ல கேளு. அவளுக்குத் தெரியாது. ஆமா. ஒருத்தரும் சொல்லலை. அன்னைக்கும் தெரியாது. யாரோ தூரத்துச் சொந்தத்தோட அடக்கம்னுதான் அவ வந்திருக்கா." அவள் நிறுத்தினாள். அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. "அண்ணே, இருக்கியா?" என்றாள். வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டு, போனைக் கொரெட்டியிடம் நீட்டினாள். "உன்கிட்ட பேசணுமாம்."

கொரெட்டி வாங்கிக் காதில் வைத்தாள். வயதான ஆள் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது.

"கொரெட்டி" என்றார் அவர். "நான் ஜார்லத். உன் பெரிய அண்ணன்."

"சொல்லுங்க."

"உக்காந்திருக்கியா?"

"உக்காந்திருக்கேன்."

"உன்கிட்ட ஒரு சேதி சொல்லணும்மா. உனக்கு வீட்டாளுங்க சொல்லியிருக்கணும், யாரும் சொல்லலை. அம்மா போயிட்டாங்கம்மா. நம்ம அம்மா செத்துப் போயிட்டாங்க."

மலாக்கி கதவோரமாக நின்றான். டிம்னா வாயைப் பொத்திக்கொண்டாள். கொரெட்டி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இப்படி ஒரு சேதி வந்தால் யாரும் கேட்பதைத்தான் கேட்டாள்.

"எப்பண்ணா? ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா?"

அவர் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.